கராஜ் கதவின் நூறு ஆண்டுகள்: ஒரு பேனல் நசுங்கினால் எதை மாற்றுவது?

அமெரிக்காவில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஆறு மாதம் இருந்துவிட்டு வரும் நம் குடியிருப்புப் பெரியவர்கள் தவறாமல் சொல்லும் விஷயங்களில் கராஜ் கதவும் ஒன்று. பட்டனை அழுத்தினால், சுவர் அகலத்துக்கு இருக்கும் கதவு மடங்கி மடங்கி மேலே போய்க் கூரைக்கடியில் படுத்துக்கொள்ளும். காரை ரிவர்ஸ் எடுக்கும்போது அதில் இடித்துவிட்டால் அடுத்த நாள் குடும்ப வாட்ஸ்அப்பில் படம் வரும்: "அப்பா, ஒரு பேனல்தான் நசுங்கியிருக்கு. வந்து பார்த்தவர் முழுக் கதவையும் மாத்தணும்கிறார். நானே அந்த ஒண்ணை மட்டும் மாத்திடலாமா?"

பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் நம்மிடையே நிறையப் பேர். உடனே ஆளுக்கொரு யோசனை சொல்வோம். சொல்வதற்கு முன் அந்தக் கதவு இன்றைய வடிவத்துக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்பதற்கான விடை அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

குதிரை லாயத்தின் கதவு

கார்கள் வந்த புதிதில் அவற்றுக்கென்று தனி இடம் கிடையாது. வண்டியும் குதிரையும் நின்ற கொட்டகையிலேயே காரும் நின்றது. கதவும் லாயத்துக் கதவுதான்: இரண்டு பெரிய மரக் கதவுகள், பக்கத்துக்கு ஒன்றாகக் கீலில் தொங்கி வெளிப்பக்கமாகத் திறக்கும். கனம் தாங்காமல் கீல் தளரும், கதவு சரிந்து தரையில் உரசும். வட மாநிலங்களில் இன்னொரு தொல்லையும் இருந்தது. இரவில் பனி கொட்டிவிட்டால், காலையில் மண்வாரியால் பனியை ஒதுக்காமல் கதவைத் திறக்க முடியாது.

1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் உருவாயின. பணக்காரர் வீட்டுப் பொருள் நடுத்தரக் குடும்பத்துக்கு வந்தபோது, வீட்டோடு ஒரு கராஜ் என்பதும் வழக்கமானது. லாயத்துக் கதவு அதற்குப் போதவில்லை.

1921: கதவைத் துண்டாக்கிய யோசனை

கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்டில் 1921இல் சி. ஜி. ஜான்சன் என்பவர் மேல்நோக்கித் தூக்கும் கராஜ் கதவை உருவாக்கினார். ஒரே பலகையாக இருந்த கதவைக் கிடைமட்டமாகப் பல துண்டுகளாக்கி, துண்டுகளைக் கீலால் இணைத்தார். ஓரங்களில் ரோலர்கள், இருபுறமும் வளைந்து செல்லும் டிராக். கதவு நேராக மேலே ஏறி, வளைவில் ஒவ்வொரு துண்டாகத் திரும்பி, கூரைக்கடியில் படுத்துக்கொண்டது. வெளியே எவ்வளவு பனி இருந்தாலும் கவலையில்லை. அவர் தொடங்கிய ஓவர்ஹெட் டோர் நிறுவனம் இன்றும் இயங்குகிறது. கதவின் சிறிய மாதிரி ஒன்றைத் தன் மாடல் டி காரின் பின்னால் பொருத்திக்கொண்டு ஊர் ஊராகப் போய் விநியோகஸ்தர்களைப் பிடித்தார் என்பது அந்த நிறுவனம் பெருமையோடு சொல்லும் கதை. 1926இல் அவரே மின்சாரத்தால் திறக்கும் கருவியையும் கொண்டுவந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கதவைத் துண்டாக்கியது பழுது பார்க்கும் வசதிக்காக அல்ல, வளைவில் திரும்புவதற்காக. "கெட்ட துண்டை மட்டும் மாற்றலாம்" என்பது கூடவே கிடைத்த ஆதாயம். எந்தத் துண்டும் தனியாக நிற்பதில்லை. எல்லாம் சேர்ந்துதான் ஒரு கதவு.

தூக்குவது மோட்டார் அல்ல

இரண்டு கார் அகலக் கதவு, ரகத்தைப் பொறுத்து, 60 கிலோவிலிருந்து 100 கிலோவுக்கு மேலும் இருக்கும். அதைத் தூக்குவது கூரையில் தொங்கும் மோட்டார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தூக்குவது வாசலுக்கு மேலே தண்டில் முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங். கதவு கீழே இருக்கும்போது ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கும். கதவு ஏற ஏற ஒவ்வொரு பேனலும் கிடைமட்ட டிராக்குக்குப் போய்விடுவதால், தொங்கும் எடை குறையும். அதே அளவுக்கு ஸ்பிரிங்கின் முறுக்கும் தளரும். இரண்டும் சமமாக இருப்பதால்தான் ஒரு குழந்தைகூட அந்தக் கதவைக் கையால் தூக்க முடிகிறது. மோட்டார் சும்மா தள்ளிவிடுகிறது, அவ்வளவே.

ஆகவே பேனலின் எடை மாறினால் ஸ்பிரிங்கின் கணக்கும் மாறும். தகரப் பேனல் இருந்த இடத்தில் உள்ளே நுரை அடைத்த கனமான பேனலைப் போட்டால் கதவு கீழே இழுக்கும். மோட்டார் திணறும், கேபிள் தேயும். சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 முறை திறந்து மூடுவதுதான் ஆயுள் கணக்கு. நாளுக்கு நான்கு முறை என்றால் ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த முறுக்கில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பழக்கமில்லாதவர் தளர்த்தப் போனால் கை எலும்பு முறியும், உயிருக்கே ஆபத்தும் நேரலாம்.

மரம் போய் எஃகு

முதல் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பேனல் என்றால் மரம். மழையில் ஊதும், வெயிலில் வளையும், அடிப்பகுதி உளுக்கும். ஆனால் பழுது பார்ப்பது சுலபம். உளுத்த சட்டத்தை வெட்டி வேறு மரம் வைத்து, வண்ணம் அடித்தால் போதும். எந்தத் தச்சரும் செய்துவிடுவார்.

பின்னர் எஃகுப் பேனல் வந்து சந்தையைப் பிடித்தது. உளுக்காது, லேசானது, விலையும் குறைவு. ஆனால் நசுங்கிய மெல்லிய எஃகுத் தகட்டைத் தட்டி நிமிர்த்தினாலும் அடையாளம் போகாது. அடுத்தடுத்த பேனல்களின் விளிம்புகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதால், அதே நிறுவனத்தின் அதே மாடல் பேனல்தான் வேண்டும். 7 அடி உயரக் கதவில் வழக்கமாக 21 அங்குலப் பேனல்கள் நான்கு. அளவு ஒன்றாக இருந்தாலும் விளிம்பு ஒன்றாக இருக்காது. பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய கதவென்றால் அந்த மாடலே நின்றுபோயிருக்கும். கிடைத்தாலும் புதுப் பேனலின் நிறம் வெயிலில் வெளுத்த பழைய பேனல்களோடு சேராது. அங்கே நம் சங்கத்தைப் போன்ற வீட்டு உரிமையாளர் சங்கங்கள் பல இடங்களில் வீட்டு முகப்பின் தோற்றத்துக்கே விதி வைத்திருக்கின்றன. கதவில் ஒட்டுப்போட்டது போலத் தெரிந்தால் கடிதம் வந்துவிடும்! "முழுக் கதவையும் மாற்றுங்கள்" என்று வந்தவர் சொல்வது எப்போதும் ஏமாற்று அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

குழந்தைகளுக்காக வந்த சட்டம்

மின்சாரக் கதவு பரவியபோது அதன் இன்னொரு முகமும் தெரிந்தது. இறங்கும் கதவுக்கடியில் ஓடிப்போய் விளையாடிய குழந்தைகள் சிக்கி இறந்தார்கள். ஒன்றிரண்டு அல்ல, நாடு முழுவதும் பல குடும்பங்களில் நடந்தது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கராஜ் கருவி எதுவானாலும், தடை பட்டால் கதவு தானே மேலே திரும்ப வேண்டும். அதோடு, தரைக்குச் சற்று மேலே ஒளிக்கதிர் சென்சாரோ அதற்கு இணையான ஏற்பாடோ இருக்க வேண்டும்.

பேனலை மாற்றும் வேலையில் இந்த சென்சார்கள்தான் முதலில் இடம் பெயர்கின்றன. வேலை முடிந்ததும், தரையில் ஒரு தட்டையான மரக்கட்டையைப் போட்டுக் கதவை இறக்கிப் பார்க்க வேண்டும். கட்டையைத் தொட்டதும் கதவு திரும்பவில்லை என்றால், சரிசெய்யும் வரை மோட்டாரைப் பயன்படுத்தக் கூடாது.

1992: புயல் கற்றுத்தந்தது

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ என்னும் புயல் தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியது. இடிந்த வீடுகளை ஆராய்ந்த பொறியாளர்கள் பல வீடுகளில் ஒரே வரிசையைக் கண்டார்கள். முதலில் அகலமான கராஜ் கதவு உள்ளே வளைந்து பிய்ந்தது. புகுந்த காற்று வீட்டை உள்ளிருந்து ஊதியது. பிறகு கூரை பறந்தது. அதன்பின் அங்கே கட்டட விதிகள் கடுமையாயின. காற்றழுத்தத்தைத் தாங்கும் என்று சோதித்து ஒப்புதல் பெற்ற கதவுகளே வேண்டும் என்றானது. அந்த ஒப்புதல் பேனல், குறுக்குப் பட்டை, டிராக், ஆணி எல்லாம் சேர்ந்த முழுக் கதவுக்கு. வேறு பேனல் ஒன்றைச் செருகினால் அந்த ஒப்புதலுக்குப் பொருளில்லை. உங்கள் பிள்ளைகள் ஃபுளோரிடா பக்கம் இருந்தால் இதை அவசியம் சொல்லுங்கள்.

நம் ஊர் ஷட்டர்

நம் ஊரில் இந்த வகைக் கதவு குறைவு. நமக்குப் பழக்கம் உருளும் ஷட்டர். மளிகைக் கடை முதல் அடுக்ககத்தின் கார் நிறுத்த வாசல் வரை அதுதான். வடிவம் வேறானாலும் தத்துவம் ஒன்று. பேனலுக்குப் பதில் ஒன்றோடொன்று கோத்த தகரப் பட்டைகள். மேலே உருளைக்குள் ஸ்பிரிங். நசுங்கிய பட்டையை மட்டும் உருவி மாற்ற முடியும். ஆனால் தடிமன் கூடிய பட்டைகளைக் கோத்தால் எடை கூடி, "ஷட்டர் கனமா இருக்கு" என்ற புகார் தொடங்கும். உலோக ஷட்டர்களுக்கு ஐ.எஸ். 6248 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. புது ஷட்டருக்கோ பெரிய பழுதுக்கோ விலை கேட்கும்போது, அதன்படிதானா என்று எழுதிக் கேட்கலாம். கடற்காற்றும் கழுவும் நீரும் சேரும் நம் ஊர்களில் தரையை ஒட்டிய பட்டைகள்தான் முதலில் துருப்பிடிக்கின்றன. மோட்டார் ஷட்டர் உள்ள இடங்களில் சென்சார் இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கார் நிறுத்தத்தில் விளையாடும் குழந்தைகள் நம் குழந்தைகள்தானே.

பிள்ளைகளுக்குச் சொல்ல

நடுப் பேனலில் சிறு பள்ளம் மட்டும், கதவு சத்தமின்றி ஓடுகிறது என்றால் அப்படியே விட்டுவிடலாம். வளைந்த கீல், தேய்ந்த ரோலர் போன்றவற்றைக் கதவை மூடி, மோட்டாரின் மின்இணைப்பைத் துண்டித்து, ஒவ்வொன்றாக வீட்டிலேயே மாற்றலாம். அடிப்பேனலின் இரு மூலையிலும் கேபிள் மாட்டிய பிடிமானம் இருக்கும். அதில் ஸ்பிரிங்கின் முழு இழுவிசையும் நிற்கிறது. அந்தத் திருகாணிகளைத் தொடவே கூடாது. ஆகவே அடிப்பேனலும் ஸ்பிரிங்கும் பழகிய ஆளின் வேலை.

எதைச் செய்த பிறகும் ஒரு சோதனை. மூடிய கதவில் மோட்டாரின் சிவப்புக் கயிற்றை இழுத்து இணைப்பை விடுவித்து, கதவைக் கையால் பாதி உயரம் தூக்கி விட வேண்டும். அங்கேயே நின்றால் சமநிலை சரி. இறங்கினாலோ ஏறினாலோ ஸ்பிரிங்கைப் பார்க்க ஆள் கூப்பிட வேண்டும். கதவு திறந்திருக்கும்போது அந்தக் கயிற்றை இழுக்கக் கூடாது. ஸ்பிரிங் உடைந்திருந்தால் முழுக் கதவும் தலையில் விழும்.

இரண்டு பேனல்களுக்கு மேல் சேதம், மாடல் நின்றுபோனது, 1993க்கு முந்தைய மோட்டார் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் பழுதுக்குச் செலவழிக்கும் பணம் வீண். புதிதாகவே போட்டுவிடச் சொல்லுங்கள்.