வடமும் செய்தியின் வேகமும்: அத்திலாந்திக்குத் தந்தி தந்த பாடம்

குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கம்பி வழியே அனுப்பிச் செய்தியை உணர்த்தும் முறை மின்தந்தியோடு பெருவழக்காயிற்று. இன்று கணினிகளும் தொழிற்சாலைக் கருவிகளும் தொடர்முறையிலே தரவுகளைப் பரிமாறிக் கொள்வதும் அம்முறையின் வழிவந்ததே. இம்முறையில் அனுப்பும் கருவியைப் பெரிதாக மதித்து, இடையே கிடக்கும் வடத்தை வெறும் பாதையெனக் கருதுதல் எளிது. அக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதை 1858ஆம் ஆண்டின் அத்திலாந்திக்கு வடம் உலகிற்குக் காட்டிற்று.

1851இல் டோவருக்கும் கலேக்கும் இடையே கடலடித் தந்தி வெற்றியுடன் அமைந்தது. மலாயாவிலிருந்து வந்த கட்டாபேர்ச்சா என்னும் மரப்பால் செப்புக் கம்பிக்குக் காப்புறையாயிற்று. குறுகிய தூரமாதலின் அங்குக் குறை எதுவும் புலப்படவில்லை. நீண்ட வடங்களிலோ, கூர்மையாகப் புறப்பட்ட குறி மறுமுனையிலே மங்கிப் பரந்து, அடுத்த குறியோடு கலந்தது. காரணத்தை மைக்கேல் பரடே 1854இல் விளக்கினார். உள்ளே செம்பு, வெளியே கடல்நீர், நடுவே காப்புறை என அமைந்த வடம் மின்னேற்றத்தைத் தன்னகத்தே தேக்கும் ஒரு நீண்ட கொள்ளளவி ஆகும். தோட்டத்து வாய்க்காலில் இறைத்த நீர் வழியிலுள்ள மண்ணை நனைத்த பின்னரே கடைப் பாத்தியை அடைதல் போன்றது இது.

கிளாஸ்கோப் பேராசிரியர் வில்லியம் தொம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, இதனைக் கணிதத்தால் அளந்தார். குறியின் தாமதம் கம்பியின் தடையையும் வடத்தின் கொள்ளளவத்தையும் பொறுத்தது. வடத்தின் நீளம் இருமடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும். எனவே நெடுந்தூரத்திற்குத் தடிப்பான செம்பும் தடிப்பான காப்புறையும் வேண்டும் என்பது அவர் முடிபு. அத்திலாந்திக்குத் தந்திக் கம்பனியின் மின்னியலாளரான வைல்ட்மன் வைற்றவுஸ் என்னும் மருத்துவர், தம் பரிசோதனைகளைக் காட்டி இவ்விதியை மறுத்தார். பொறியியலாளர் சாள்ஸ் பிரைற், கடல்மைலொன்றுக்கு 392 இறாத்தல் செம்பு வேண்டுமென்றார். ஆயினும் விரைவையும் செலவையும் நோக்கிய கம்பனி 107 இறாத்தல் செம்பும் 261 இறாத்தல் காப்புறையும் கொண்ட வடத்தையே செய்வித்தது. தொம்சன் இயக்குநர் சபையிற் சேர்ந்தபோது அக்கட்டளை ஏற்கெனவே கொடுக்கப்பட்டு விட்டது.

1858 ஓகஸ்ற் 5ஆம் நாள் அயர்லாந்தும் நியூபவுண்லாந்தும் இணைந்தன. விக்ரோறியா மகாராணியாரின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி சென்று சேர ஏறக்குறையப் பதினாறு மணித்தியாலமாயிற்று. குறி நலிந்தால் அனுப்பும் விசையைக் கூட்டலாமென நம்பிய வைற்றவுஸ், ஏறத்தாழ 2,000 உவோற்று அழுத்தத்தைச் செலுத்தினார். முன்னரே பழுதுற்றிருந்த காப்புறை மேலும் கெட்டது. ஒரு திங்கள் நிறைவதற்குள் வடம் ஊமையாயிற்று.

இங்கு இரு குறைகளைப் பிரித்தறிதல் வேண்டும். வடத்தை அழித்தது காப்புறையின் பழுதும் மிகையான அழுத்தமுமாம். ஆனால் அது அழியாதிருந்தாலும், மெல்லிய செம்பு அதனை மந்தமாகவே வைத்திருக்கும். முதலாவது கையாளுதலின் குறை. இரண்டாவது தெரிவின் குறை. பின்னதற்கு எந்த அனுப்புகருவியும் பரிகாரமாகாது.

அரசாங்கமும் கம்பனியும் கூட்டாக அமைத்த குழு இத்தோல்விகளை ஆராய்ந்து 1861இல் அறிக்கை வெளியிட்டது. அடுத்த வடத்திற்குக் கடல்மைலொன்றுக்கு 300 இறாத்தல் தூய செம்பும் 400 இறாத்தல் காப்புறையும் கொள்ளப்பட்டன. 1866 யூலையில் ‘கிறேற் ஈஸ்ரேண்’ கப்பல் அதனைக் கரைசேர்த்தது. நிமிடத்திற்கு ஏறக்குறைய எட்டுச் சொற்கள் சென்றன. அழுத்தமோ முன்னையதிலும் மிகக் குறைவு. நலிந்த குறியையும் காட்டவல்ல தொம்சனின் ஆடிக் கல்வனோமானி அதற்குத் துணை நின்றது.

இப்பாடம் பழையதாகிவிடவில்லை. 1960இல் தோன்றிய ஆர்.எஸ். 232 என்னும் தொடர்த் தரவு நியமத்தின் 1969ஆம் ஆண்டுப் பதிப்பு, வடத்தை 50 அடிக்குள் அமைக்குமாறு பரிந்துரைத்ததுடன், கொள்ளளவத்திற்கு 2,500 பிக்கோபரட்டு என எல்லையிட்டது. அடியொன்றுக்கு 50 பிக்கோபரட்டுடைய வடத்தில் அவ்வெல்லை 50 அடியில் முடியும். 25 உடையதில் 100 அடிவரை நீளும். 1983இல் வந்த ஆர்.எஸ். 485 நியமம், முறுக்கிய இரட்டைக் கம்பியில் இரு கம்பிகளுக்கிடையேயுள்ள வேறுபாட்டையே குறியாகக் கொள்வதால், வேகம் மிதமாயின் ஏறக்குறைய 1,200 மீற்றர் வரை செல்லும். பரடேயின் பெயர் தாங்கிய அலகே இன்று வடத்தின் எல்லையை அளக்கின்றது.

தொம்சனின் சமன்பாடு 1855இலேயே வெளிவந்திருந்தது. அதனை ஏற்கப் பதினொரு ஆண்டுகளும் ஒரு பெருங்கடலடி வடமும் செலவாயின. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று முதலில் வினவி, அவற்றிற்கேற்ற வடத்தைத் தெரிந்த பின்னரே கருவியைப் பற்றி எண்ணுதல் அறிவுடையோர் நெறியாகும்.