சாலைகளை ஒப்புவித்தவர்கள்



இக்கட்டுரைக்குக் காரணமானவள் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் பயிலும் ஒரு மாணவி. ஓர் இரவு அவளுடைய தம்பிக்குக் கடுமையான மூச்சிரைப்பு. தந்தைக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. தாய் கைப்பேசிச் செயலியின் வழி ஒரு காரை அழைத்திருக்கிறார். காரும் விரைவாகவே வந்தது. ஆனால் வீட்டுக்கு வரவில்லை. தோட்டத்தின் மற்றொரு டிவிசனில், பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. ஓட்டுநரைக் குறை கூற இயலாது. அவர் வெளியூர்க்காரர், திரையில் வரைந்திருந்த கோடு அங்கேதான் முடிந்தது. தாய் பதறிக்கொண்டிருக்க, இச்சிறுமி கைப்பேசியை வாங்கி, வந்த வழியே திரும்பச் சொல்லி, பழைய பால் கொட்டகை, முனீசுவரர் கோயில், பாலத்துக்கு முந்தைய செம்மண் சாலை என்று ஒவ்வொன்றாக மலாயில் கூறிக் காரை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். பையன் இப்போது நலம்.

இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். "தாத்தா மோட்டார்ல பின்னாடி உக்காந்து போவேன் சார். அவரு ஒவ்வொண்ணா பேரு சொல்லிக்கிட்டே போவாரு" என்றாள்.

பெயர் சொல்லிக்கொண்டே போவதை ஒரு தேர்வாகவே ஆக்கி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகின்ற நகரம் ஒன்று உண்டு. அது இலண்டன். அங்கே கறுப்பு டாக்சி ஓட்ட விரும்புவோர் எழுதும் தேர்வுக்கு ‘தி நாலெட்ஜ்’, அதாவது ‘அறிவு’ என்பதே பெயர். 1865இல் தொடங்கியதாகக் கூறுவர். அப்போது டாக்சி ஏது? குதிரை வண்டிகளே ஓடின. சேரிங் கிராஸ் என்னும் இடத்தை நடுப்புள்ளியாகக் கொண்டு ஆறு மைல் தொலைவுக்குள் இருக்கும் ஏறத்தாழ 25,000 தெருக்களையும், அவற்றிலுள்ள மருத்துவமனைகள், நீதிமன்றங்கள், கோயில்கள், விடுதிகள் ஆகியவற்றையும் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். கையில் வரைபடம் இருத்தல் கூடாது. கற்று முடிக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

பாடநூலுக்கு ‘நீலப் புத்தகம்’ என்று பெயர். அதில் 320 ஓட்டங்கள். முதல் ஓட்டம் மேனர் ஹவுஸ் நிலையத்திலிருந்து கிப்சன் சதுக்கம் வரை. இவ்வொரு வழியை மட்டும் படித்தால் போதாது. புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் சுற்றிக் கால் மைலுக்குள் உள்ள அனைத்தையும் அறிய வேண்டும். பயில்வோர் சிறிய மோட்டார் சைக்கிளில் வரைபடத்தைச் செருகிக்கொண்டு மழையிலும் குளிரிலும் தெருத் தெருவாகச் சுற்றுவர். மாலையில் வீட்டுச் சுவரில் மாட்டிய பெரிய வரைபடத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடிப்பர். அந்த நூலை ஒட்டி எவ்வளவு நேராகப் போக முடியுமோ அதுவே நல்ல வழி. பின்னர் நண்பர் ஒருவரை எதிரே அமர்த்தி, எந்தத் தெருவில் புறப்பட்டு எந்தத் தெருவில் திரும்பி எதில் இறங்குவது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுவர்.

நமக்கு இது புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் இதற்கு ஒப்புவித்தல் என்று பெயர். எண்சுவடியை ஒப்புவிக்கும் பிள்ளைக்கு எதிரே சட்டாம்பிள்ளை அமர்ந்திருப்பான். இலண்டன் மாணவருக்கு எதிரே ஒப்புவித்தல் துணைவர் அமர்ந்திருக்கிறார். வேறுபாடு, அங்கே தேர்வு அதிகாரியின் முன்னிலையில் நேர்முகத் தேர்வும் உண்டு. முதலில் 56 நாள்களுக்கு ஒருமுறை, தேறத் தேற 28 நாள்களுக்கு ஒருமுறை, இறுதியில் 21 நாள்களுக்கு ஒருமுறை. தேர்வர் முறையாகக் கோட்டு அணிந்து வந்து அமர்வார். அதிகாரி இரண்டு இடங்களின் பெயரைச் சொல்வார். அவ்வளவுதான் வினா.

வீட்டுக்கு வீடு கணினி பரவிய பின்னர், இப்பயிற்சிக்கென்றே மென்பொருள்களும் வந்தன. நம் ஆசிரியர்கள் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும் என்பது என் விருப்பம். அம்மென்பொருள் மாணவருக்கு வழி காட்டுவதில்லை. இரண்டு இடங்களைத் தந்துவிட்டு வாளாவிருக்கும். மாணவர் தம் வழியைச் சொல்லி முடித்த பிறகே வரைபடத்தில் சரியான வழியைத் திறந்து காட்டும். எங்கே வளைந்து போனார், எந்த ஒருவழிச் சாலையை மறந்தார் என்பது அப்போதுதான் தெரியும். தவறியவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கும். சுருங்கக் கூறின், அது மின்சாரத்தில் இயங்கும் ஒரு சட்டாம்பிள்ளை. மழையில் நனைய வேண்டிய வேலையை மட்டும் அது எடுத்துக்கொள்ளவில்லை. மாணவர் தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு நெட்டுருப் போடுவதால் என்ன பயன் என்று கேட்போர் உளர். அதற்கு விடை மூளை ஆராய்ச்சியிலிருந்து வந்தது. எலினோர் மெக்வயர் என்னும் அறிவியலார் இலண்டனில் 16 டாக்சி ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்து 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். நினைவுக்கும் இட அறிவுக்கும் உரிய ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் பின்புறம் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அவர்கள் இயல்பாகவே அப்படிப்பட்ட மூளையுடன் பிறந்தவர்களாக இருக்கலாமே என்ற ஐயம் எழுந்தது. எனவே மெக்வயரும் கேத்ரின் வூலட்டும் 79 பயிற்சியாளர்களைத் தொடக்கத்திலிருந்தே தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் 39 பேர் தேறினர். தொடக்கத்தில் எவருடைய மூளையிலும் வேறுபாடு இல்லை. ஆண்டுகள் கழிந்தபின், தேறியவர்களின் மூளையில் மட்டும் அப்பகுதி வளர்ந்திருந்தது. 2011இல் இது வெளிவந்தது. அதற்கு முன்னரே, 2006இல், பேருந்து ஓட்டுநர்களோடும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தனர். நாள்தோறும் ஒரே தடத்தில் ஓட்டுகின்ற பேருந்து ஓட்டுநர்களிடம் இந்த வளர்ச்சி காணப்படவில்லை. ஓட்டுவது வேறு, வழி தேடுவது வேறு!

நெட்டுருவைப் பழிக்கும் இக்காலத்தில் இதைப் படித்தபோது எனக்குச் சற்று மகிழ்ச்சியே. ஆயினும் ஒன்றையும் மறைத்தல் கூடாது. தேறிய ஓட்டுநர்கள் சிக்கலான புதிய உருவங்களை நினைவில் வைக்கும் சோதனையில் மற்றவர்களைவிடப் பின்தங்கினர். ஒன்றைப் பெறும்போது வேறொன்றைக் கொடுக்கவும் நேர்கிறது போலும்.

இனி நம் கெடாவுக்கு வருவோம்.

என் மாமா ஒருவர் சுங்கைப்பட்டாணியில் நெடுங்காலம் டாக்சி ஓட்டியவர். பேருந்து நிலையத்துக்கு அருகில் நான்கு பேர் சேரும்வரை காத்திருந்து, ஆளுக்குப் பங்கு போட்டுக் கட்டணம் வாங்கி, பழைய மெர்சிடிஸ் காரில் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்வார். நீலப் புத்தகம் அவருக்கு இல்லை. தோட்டச் சாலைகளுக்குப் பெயர்ப்பலகையும் இல்லை. பீடோங் பக்கம் ஹார்வர்டு தோட்டம் என்று சொன்னால் போதாது, எந்த டிவிசன் என்று கேட்க வேண்டும். இன்றும் அவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று அது நிலைத்திருக்கிறது. கோலக் கெட்டில் பக்கம் பேடனோக், பெலாம். பாடாங் செராய் பக்கம் விக்டோரியா, ஹென்றியெட்டா. எங்கோ கடல் கடந்து கிடந்த ஊர்களின் பெயரையும் மாதரசிகளின் பெயரையும் தோட்டங்களுக்குச் சூட்டிச் சென்றார்கள். நம்மவர் நாவில் அவை தமிழாகிவிட்டன.

எப்படிக் கற்றீர்கள் என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "ரோட்ட எங்க தம்பி படிச்சேன்? ஆளுங்கள படிச்சேன். ஏறுற ஆளு யாரு வீட்டுப் புள்ளன்னு தெரிஞ்சா, எந்த லயத்துக்குப் போகணும்னு கேக்க வேண்டியதில்ல" என்றார். சாலைகளை அவர் ஆயக்கொட்டகை, டிஸ்பென்சரி, கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், கிராணி வீடு என்று அடையாளங்களின் வரிசையாகவே வைத்திருந்தார். மரங்களுக்கிடையே திசை தடுமாறினால், வெட்டவெளி வரும்வரை சென்று ஜெராய் மலை எப்பக்கம் தெரிகிறது என்று பார்ப்பாராம். 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலையைத்தான் வங்கக் கடலைக் கடந்து கடாரத்துக்கு வந்த பண்டை மாலுமிகளும் அடையாளமாகக் கொண்டனர்!

ஆனால் அவர் கற்ற பாடநூலின் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. விடுதலைக்கு முன்னும் பின்னும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. மறுநடவில் பழைய சாலைகள் மறைந்தன. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. தோட்டங்கள் இருந்த இடங்களில் தாமான்கள் எழுந்தன. மாமாவின் வரிசையில் இருந்த டிஸ்பென்சரியும் கள்ளுக்கடையும் போய், எண்ணிட்ட லோரோங்குகள் வந்தன. அவருக்கு அவை மனத்தில் ஒட்டவேயில்லை. எண்களுக்கு முகம் இல்லை என்பார்.

இதற்கிடையில், 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கா தன் செயற்கைக்கோள் இடங்காட்டிச் சமிக்கைகளின் துல்லியத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. நம் நாட்டில் மால்சிங்மேப்ஸ் என்னும் தன்னார்வலர் குழுவினர் தாமே சாலைகளில் ஓட்டிப் பதிவு செய்து, கார்மின் கருவிகளுக்கு மலேசிய, சிங்கப்பூர் வரைபடங்களை ஆக்கித் தந்தனர். அவ்வுழைப்பு இன்று பலருக்குத் தெரியாது. 2012இல் கோலாலம்பூரில் மைடெக்சி தொடங்கி, 2016இல் கிராப் என்று பெயர் மாறியது. 2019 ஜூலையிலிருந்து செயலிவழி ஓட்டுவோருக்கும் பொதுச்சேவை வாகன உரிமம் கட்டாயமாயிற்று. அதற்கான வகுப்பு சில மணி நேரமே. சிங்கப்பூரிலும் 2017இல் டாக்சி ஓட்டுநர் பயிற்சி நேரம் பெரிதும் குறைக்கப்பட்டது. வழிகாட்டிக் கருவி இருக்கும்போது வழியை எதற்குப் படிப்பது என்பதே காரணம். அதே ஆண்டில் இலண்டனில் வெளிவந்த ஹியூகோ ஸ்பையர்ஸ் குழுவினரின் ஆய்வு, கருவி சொல்கிறபடி செல்லும்போது வழி தேடும் மூளைப்பகுதி வேலை செய்யாமல் சும்மா இருக்கிறது என்று காட்டியது.

நான் கருவிக்கு எதிரியல்லன். எனக்கும் பினாங்குக்குள் நுழைந்தால் அது வேண்டும். ஆனால் கற்பிக்கும் மென்பொருளும் கற்றுவிட்ட மென்பொருளும் ஒன்றல்ல. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் வந்தபோது மடிக்கணினி, புரொஜெக்டர், பாடக் குறுந்தட்டு எல்லாம் பள்ளிகளுக்கு வந்தன. குறுந்தட்டு தானே வினவித் தானே விடையும் சொல்லும். பிள்ளைகள் படம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பர். அப்போது எனக்கு இது உறைக்கவில்லை.

அம்மாணவியின் நிகழ்ச்சிக்குப் பிறகு ஒரு முயற்சி செய்தேன். பள்ளியைச் சுற்றியுள்ள சந்திப்புகளைக் கைப்பேசியில் படமெடுத்து, பவர்பாயிண்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தேன். இடமா வலமா என்று பிள்ளைகள் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வாரம் தோல்வி. சரியான பொத்தானை அழுத்தினால் கைதட்டல் ஒலிக்கும்படி செய்திருந்தேன். அவர்கள் கைதட்டலுக்காக அழுத்தினார்களே தவிர வழியைப் பார்க்கவில்லை. பிறகு ஒலியை எடுத்துவிட்டேன். விடையையும் எடுத்துவிட்டேன். வெண்பலகையில் ஒரு வெறும் வரைபடம், ஒரு நூல், எதிரே ஒரு சட்டாம்பிள்ளை. ‘உன் வீட்டிலிருந்து கிளினிக்குக்கு’ என்று கேட்டால் வாய்விட்டு ஒப்புவிக்க வேண்டும். முடித்த பிறகே படங்களைத் திறந்து சரிபார்ப்போம். தாமானில் வாழும் பிள்ளைகள் தொடக்கத்தில் திணறினர். வேனில் ஏறி வேனில் இறங்குகிறவர்கள் பாவம், என்ன செய்வார்கள்? சிலர் வேன் ஓட்டுநரிடம் தெருப்பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தனர். அது நான் சொல்லாத வீட்டுப்பாடம்.

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை நாளில், அவ்வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு மாமாவிடம் போனேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஆற்றோரம் பிள்ளைகள் வெறுமையாக விட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு ரோடு இருந்துச்சே, டிஸ்பென்சரிக்குப் பின்னாடி ஏறி பழைய பள்ளிக்கூடத்துக்குப் போகும்" என்றார். பென்சிலைக் கொடுத்தேன். பாதி வரைந்தவர், ஆற்றைக் கடக்கும் இடம் பாலமா, மரத்துண்டா என்ற ஐயத்தில் நிறுத்திவிட்டார். அந்தப் பாதிக் கோடு அப்படியே வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. அத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெற்றோர் எவரேனும் பிள்ளையை அழைத்துப்போக வரும்போது இரண்டு நிமிடம் உள்ளே வந்தால், பென்சில் பலகைக்குக் கீழே இருக்கிறது.