அறைவீடு

தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலில், மத்தேயு 6:6 தனி ஜெபத்துக்குக் காட்டும் இடம் 'அறைவீடு'. கிரேக்க மூலத்தில் இது 'தமெயோன்', முதற்பொருள் சரக்கறை. லூக்கா 12:24-இல் காகங்களுக்கு இல்லை எனப்படும் 'பண்டசாலை'யும் இதே சொல்தான். ஆகவே பூசையறையை விட, உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் நெல்மூட்டை அடுக்கிய இருட்டறையே இதற்கு நெருக்கம். அங்கே யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

ஒற்றை அறையில் குடும்பமே படுக்கும் வீட்டில் அறைவீட்டுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். இயேசுவே மலையில் தனித்து ஜெபித்தவர். முந்தைய வசனம் கண்டிப்பதும் பிறர் காணத் தெருச்சந்தியில் நிற்பதைத்தான். பார்ப்பவர் இல்லாத எந்த இடமும் அறைவீடே. அப்படியானால் சபையாகக் கூடுவது வீணா? சரக்கறையில் சேர்ந்ததுதானே பந்திக்கு வரும்!