நீர்வண்ண அரூப ஓவியத்தில் வெற்றிடம்

உருவங்களை விட்டு விலகி, நீரில் கரையும் நிறங்களாலும் தூரிகை தொடாத தாளாலும் அமைவது நீர்வண்ண அரூப ஓவியம். வேலம்பிசினில் குழைத்த நிறமி ஒளியை உள்ளே விடும். தாளில் பட்டுத் திரும்பும் ஒளியே நிறத்துக்குப் பொலிவு. இம்மரபில் வெள்ளையைப் பெரும்பாலும் தீட்டுவதில்லை, விட்டுவைக்கிறார்கள். வெற்றிடத்தை வேலை முடியாத இடம் என்று கடந்துபோகிறவர் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார்.

வெற்றிடத்தின் மதிப்பைச் சீன மைச்சித்திரக்காரர்கள் முன்பே அறிந்திருந்தனர். காட்சியை ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மற்றதை மூடுபனிக்கு விட்ட தென் சோங் கால மா யுவானுக்கு ‘ஒரு மூலை மா’ என்றே பட்டப்பெயர். ஐரோப்பாவில் 1780களில் அலெக்சாண்டர் கோசன்ஸ் மைக்கறைகளிலிருந்து நிலக்காட்சி பிறக்கும் முறையை நூலாக எழுதினார். ஆங்கில ஓவியர் டர்னர் (இறப்பு 1851) விட்டுச்சென்ற தாள்கள் பலவற்றில் வானமும் கடலும் வெறும் நிறப்பட்டைகள். அவை பயிற்சித் தாள்கள். அவரை அரூப ஓவியர் என்பது பிற்காலத்தார் ஆசை.

உண்மையான திருப்பம் பிரெஞ்சு ஓவியர் செசானிடம் நேர்ந்தது. சேன்ட்-விக்துவார் மலையைத் திரும்பத் திரும்ப வரைந்த அவர், கடைசி ஆண்டுகளில் நிழலில் தொடங்கி, மெல்லிய திட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, போதும் என்ற இடத்தில் நிறுத்தினார். மலையின் வெயில் பட்ட சரிவு பல தாள்களில் வெறும் தாளே. எடுத்துக்கொண்ட பொருள் மலைதான். ஆனால் நிறமும் வெண்மையும் அங்கே சம பங்காளிகள். அவர் 1906இல் மறைந்தார்.

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் ‘முதல் அரூப நீர்வண்ணம்’ பாரிசின் பொம்பிடு மையத்தின் சேகரிப்பில் உள்ளது. அதில் 1910 என்று எழுதியிருந்தாலும், 1913இல் முடிந்த அவரது ‘ஏழாம் இசைவமைப்பு’ ஓவியத்துக்கான முன்வரைவாகவே ஆய்வாளர் பலர் அதைக் கருதுகின்றனர். ‘முதல்’ என்ற பட்டம் எப்படியானாலும், மிதக்கும் கறைகளுக்கிடையே மூச்சுவிட இடம் தருவது அந்த வெள்ளைத் தாள்தான். 1914இல் துனீசியா சென்ற பால் க்ளே, ஊர்க் காட்சிகளை நிறக் கட்டங்களாக்கினார். ஜார்ஜியா ஓ’கீஃப் டெக்சாசில் 1917இல் வரைந்த ‘மாலை விண்மீன்’ வரிசையில், ஈரநிறங்கள் ஒன்றில் ஒன்று வழியாதபடி இடையே உலர்ந்த தாளை விட்டார். அந்த இடைவெளியே கோடாகவும் நின்றது.

இந்த அலை இந்தியாவையும் எட்டியது: 1922இல் கொல்கத்தாவில் நடந்த, ஜெர்மன் கலைப்பள்ளியான பௌஹவுஸின் கண்காட்சியில் காண்டின்ஸ்கி, க்ளே படைப்புகள் இடம்பெற்றன. 1940களில் மருத்துவமனைப் படுக்கையில் நீர்வண்ணம் பழகிய அமெரிக்கர் சாம் ஃபிரான்சிஸ், 1960களில் நிறங்களை விளிம்புக்குத் தள்ளி நடுவை வெள்ளையாகவே விட்டார்.

இவ்வகை ஓவியங்கள் ஒளிபட்டால் நிறம் மங்கும், தாளும் பழுக்கும். எனவே அருங்காட்சியகங்கள் இவற்றை மங்கிய வெளிச்சத்தில் சிறிது காலமே காட்சிக்கு வைத்து, மீண்டும் இருட்டறைக்கு அனுப்புகின்றன.