தந்தையும் மைந்தனும் கணித்த அணு

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் சமன்பாடுகளைக் கண்டவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அச்சமன்பாடுகளிலிருந்து விடையைப் பெறுவதற்குச் செலவான உழைப்பு அதில் இடம்பெறுவது அரிது. பல இலத்திரன்கள் கொண்ட அணுவைக் கணித்த வரலாறு இக்குறையை நன்கு உணர்த்துகின்றது.

1926ஆம் ஆண்டு எர்வின் சுரோடிங்கர் தமது அலைச் சமன்பாட்டை வெளியிட்டார். ஓர் இலத்திரனை மட்டுமே கொண்ட ஐதரசன் அணுவுக்கு அது செம்மையான விடையைத் தந்தது. இரண்டாவது இலத்திரன் சேர்ந்தவுடனேயே அவ்வழி அடைபட்டது. ஒவ்வோர் இலத்திரனும் கருவினால் ஈர்க்கப்படுவதோடு ஏனைய இலத்திரன்களால் தள்ளவும்படுவதே காரணமாகும். இரும்பணுவில் 26 இலத்திரன்கள் உள்ளன; ஒவ்வொன்றின் இடத்தையும் குறிக்க மூன்று எண்கள் வீதம் 78 மாறிகள் தேவை. மாறி ஒன்றுக்குப் பத்துப் பெறுமானங்களை மட்டுமே எடுத்து அட்டவணை அமைப்பினும், 1ஐத் தொடர்ந்து 78 பூச்சியங்கள் வரும் தொகையான பதிவுகள் வேண்டும். இரசாயனம் முழுவதற்குமான அடிப்படை விதிகள் அறியப்பட்டுவிட்டன, அவற்றின் சமன்பாடுகளைத் தீர்ப்பதே இடர் என 1929இல் போல் டிராக் கூறியது இதனாலேயே.

இவ்விடரைக் கடக்கும் வழியொன்று போர்க்காலக் கணக்கிலிருந்து பிறந்தது. முதலாம் உலகப் போரின்போது டக்ளஸ் ஹார்ட்றி, ஏ. வி. ஹில் தலைமையிலான குழுவில் விமான எதிர்ப்புப் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணித்தார். அவருடைய தந்தை வில்லியம் ஹார்ட்றியும் அக்குழுவில் இருந்தார். வகையீட்டுச் சமன்பாடுகளை எண்களாற் படிப்படியாகத் தீர்க்கும் பயிற்சி அங்கு கைவந்தது.

அப்பயிற்சியை டக்ளஸ் அணுவின்பாற் திருப்பி, 1928இல் தமது முறையை வெளியிட்டார். ஒவ்வோர் இலத்திரனும் ஏனையவற்றின் சராசரிப் புலத்தில் இயங்குவதாக முதலிற் கொள்ளப்படும். கிடைத்த விடையிலிருந்து புலம் மீண்டும் கணிக்கப்படும். எடுத்த புலமும் பெற்ற புலமும் ஒன்றும்வரை இது தொடரும். இதுவே தன்னிசைவுப் புல முறையாகும். இலத்திரன்கள் ஒன்றிலிருந்தொன்று வேறுபடுத்த முடியாதவை என்பதை இம்முறை முழுமையாகக் கருத்திற் கொள்ளவில்லை என 1930இல் பொக், சிலேற்றர் ஆகியோர் காட்டினர். பொக்கின் திருத்தம் கணிப்பின் சுமையைப் பன்மடங்காக்கியது.

அச்சுமையின் பெரும்பங்கைத் தாங்கியவர் வில்லியம். கேம்பிறிஜ்ஜில் பொறியியல் கற்பித்து ஓய்ந்த அவர், மேசைக் கணிபொறியின் துணையுடன் மகனின் அட்டவணைகளை நிரப்பினார். பெரிலியம் பற்றிய 1935ஆம் ஆண்டுக் கட்டுரை இருவர் பெயரையும் தாங்கியுள்ளது. 1943இல் அவர் காலமானார். மூன்றாண்டுகளின் பின் மகன் அமெரிக்காவின் எனியாக் இலத்திரனியற் கணிபொறியைப் பயன்படுத்தினார்.

சராசரிப் புலம் முழு உண்மையன்று. இலத்திரன்கள் ஒன்றையொன்று விலகிச் செல்லும் நுட்பம் அதில் அகப்படாது. அதனைப் பிடிக்கவே பின்வந்த முறைகள் முயன்றன. ஒற்றைப் பரிமாணச் சங்கிலிகளுக்கு 1992இல் ஸ்ரீவன் வைற் வகுத்த முறை அவற்றுள் ஒன்று. எனினும் ஹார்ட்றி–பொக் முறையே இன்றும் பல கணிப்புகளுக்குத் தொடக்கப்படியாக உள்ளது. விதியை அறிதல் வேறு, அதன் விளைவை அறிதல் வேறு. இரண்டாவதற்கு இடையறாத உழைப்பு வேண்டும். ஆதலின் ஹார்ட்றி என்னும் பெயரை உச்சரிக்கும்போது இருவரை நினைப்பதே வரலாற்றுக்கு நேர்மையாகும்.