பதினொரு மீற்றர் தூரம்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் வீதியில் மருதமுனையையும் பெரியநீலாவணையையும் தாண்டினால் பெரியகல்லாறு. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம். இந்தக் கரையோரத்தில் முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் அடுத்தடுத்து வரும். சந்தையும் தறியும் வயலும் எம்மவரை ஊருக்கு ஊர் அனுப்பியதைப் போலவே உதைபந்தும் அனுப்பியது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வாப்பாவின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு பெரியகல்லாற்றில் ஓர் இறுதிப் போட்டி பார்க்கப் போனேன். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மேலதிக நேரமும் முடிந்தது. பொழுது பட்டுவிட்டது. மைதானத்தில் விளக்கில்லை. மத்தியஸ்தர் இரண்டு தலைவர்களையும் அழைத்துக் காசைச் சுண்டினார். காசு மணலில் விழுந்து சரிந்து நின்றது. பூவா தலையா என்று பெரிய வாக்குவாதம். இரண்டாவது தரம் சுண்டியபோது தோற்றவர்கள், முதல் தரம் விழுந்ததே சரி என்றார்கள். யார் எந்த ஊர் என்பது இப்போது முக்கியமில்லை. திரும்பி வரும் வழியில் வாப்பா சொன்னது மட்டும் மறக்கவில்லை: "காலால தோத்தா மனசு ஆறும் மகன். காசுக்குத் தோத்தா ஆறாது."

எங்கள் மணலில் நடந்தது அக்காலத்தில் உலகம் முழுவதும் நடந்ததுதான். 1968 ஜூன் 5ஆம் திகதி நேப்பிள்ஸ் நகரில் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் கோல் எதுவுமின்றிச் சமநிலையில் நின்றன. நாணயச் சுழற்சியே இத்தாலியை இறுதிப் போட்டிக்கு அனுப்பியது. இத்தாலிதான் கிண்ணத்தையும் வென்றது. அதே ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணி சீட்டுக் குலுக்கலில் பல்கேரியாவிடம் தோற்று வெளியேறியது. அதைப் பொறுக்காத யோசப் டகன் என்பவர் மாற்றுவழி ஒன்றை முன்வைத்தார்: இரு அணிகளும் ஆளுக்கு ஐந்து தண்ட உதைகளை உதைக்கட்டும். இந்த யோசனையை மேலே கொண்டு சென்றவர்களுள் மலேசியாவைச் சேர்ந்த கோ இவே தெய்க் என்ற மத்தியஸ்தர் குழு உறுப்பினரும் ஒருவர். 1970 ஜூன் 27ஆம் திகதி சர்வதேச விதிமுறைச் சபை இதனை ஏற்றுக்கொண்டது. இன்று ஐரோப்பாவின் சொத்தைப் போல் பேசப்படும் இவ்விதியின் பின்னால் ஆசியர்களின் மனக்குறையும் முயற்சியும் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

தண்ட உதை அதற்கு முன்பே இருந்தது. அயர்லாந்தில் கோல் காப்பாளராக விளையாடிய வில்லியம் மக்ரம் முன்மொழிய, அது 1891இல் சட்டமானது. ஆனால் அது குற்றத்துக்கான தண்டனை. 1970இன் பின்னர் குற்றமே செய்யாதவர்களும் அந்தப் பதினொரு மீற்றர் தூரத்தில் நின்று உதைக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி இங்கிலாந்தின் ஹல் நகரில் நடந்த வொட்னி கிண்ண அரையிறுதியில் மன்செஸ்டர் யுனைட்டெட் வீரர் ஜோர்ஜ் பெஸ்ட் முதல் உதையை கோலாக்கினார். அதே அணியின் டெனிஸ் லோ, பெரும் கோல் வேட்டைக்காரர், முதலில் தவறவிட்டவர் என்ற பெயரைப் பெற்றார். 1982இல் உலகக் கிண்ணத்திலும் இம்முறை வந்தது. இங்கிலாந்தின் எப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டி முதன்முதலில் இவ்வாறு தீர்மானிக்கப்பட்டது 2005இல்தான். ஆர்சனல் 5-4 என வென்றது.

எமக்கு அண்மையில் உள்ள தேசியக் கிண்ணங்களில் இம்முறையின் இன்ப துன்பங்களை முழுமையாகக் காட்டுவது இந்தியாவின் சந்தோஷ் கிண்ணம். 1941இல் தொடங்கிய இந்த மாநிலங்களுக்கிடையிலான போட்டி, இன்று பங்களாதேஷிலுள்ள தங்காயில் பகுதியைச் சேர்ந்த சந்தோஷ் ஜமீனின் பெயரைத் தாங்கியது. 1982-83 பருவத்தில் வங்காளமும் கோவாவும் முடிவு காணாமல் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் பகிர்வு போய் உதை வந்தது. 1989இலும் 1994இலும் இறுதிப் போட்டியில் வங்காளத்தைச் சந்தித்த கேரளம் இரண்டு தடவையும் தண்ட உதையில் தோற்றது. ஆட்டத்தில் தோற்காமலே கிண்ணத்தை இழந்த கவலை கேரளத்தவர் மனதில் நெடுங்காலம் கிடந்தது.

2018 ஏப்ரல் முதலாம் திகதி கல்கத்தா சோல்ட் லேக் மைதானத்தில் அதே இரு அணிகள். 117ஆவது நிமிடத்தில் கேரளம் முன்னிலை பெற்றது. கடைசி நேரத்தில் கிடைத்த நேரடி உதையை வங்காளம் கோலாக்கி 2-2 ஆக்கியது. வென்ற ஆட்டம் கையை விட்டுப் போனதென்றே பலரும் நினைத்திருப்பர். ஆனால் கோல் காப்பாளர் மிதுன், வங்காளத்தின் முதல் இரண்டு உதைகளையும் தடுத்தார். 4-2. பதினான்கு ஆண்டுகளின் பின் கிண்ணம் கேரளம் வந்தது.

நான் சொல்ல விரும்புவது அடுத்த சந்திப்பை. 2022 மே 2ஆம் திகதி மலப்புறம் மாவட்டத்தின் மஞ்சேரியில், பையநாடு மைதானத்தில் 75ஆவது சந்தோஷ் கிண்ண இறுதிப் போட்டி. மலப்புறம் மாப்பிள்ளை முஸ்லிம்கள் செறிந்து வாழும் மாவட்டம். எழுவர் உதைபந்தாட்டம் அங்கே அறுவடை முடிந்த வயல்களில் வளர்ந்த கலை. அன்று முப்பது நோன்பும் நிறைந்த இரவு, விடிந்தால் பெருநாள். இரவு எட்டு மணி ஆட்டத்துக்கு 25,000க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். அரையிறுதியில் கர்நாடகத்துக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி ஐந்து கோல்கள் அடித்த ஜெசின், அதே மாவட்டத்துப் பிள்ளை. கேரளம் அந்த ஆட்டத்தை 7-3 என வென்றிருந்தது.

எங்களுக்கும் அன்று பெருநாள் இரவுதான். நாட்டில் எரிபொருளுக்கு வரிசை, வீட்டில் எரிவாயு இல்லை. பெரியகல்லாற்றில் இருக்கும் என் பழைய நண்பரின் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, அவருடைய மகனின் கைத்தொலைபேசியில் அந்தப் போட்டியைப் பார்த்தோம். அவர் இளமையில் கோல் காப்பாளர். நான் அவருக்கு எதிரே உதைத்தவன். 1985இலும் 1990இலும் இந்த வீதியில் நடந்தவற்றின் பின் பல ஆண்டுகள் நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஊர்களுக்கிடையே பந்தும் போகவில்லை, ஆளும் போகவில்லை. ஒருவர் இழப்பை மற்றவர் எண்ணிப் பார்க்கவும் அந்த ஆண்டுகள் இடம் தரவில்லை.

மேலதிக நேரத்தில், 97ஆவது நிமிடத்தில், வங்காளத்தின் திலீப் ஒராவொன் தலையால் முட்டி கோல் அடித்தார். மைதானம் அடங்கிப் போயிற்று. 117ஆவது நிமிடத்தில் நௌபல் உயர்த்தி அனுப்பிய பந்தை சப்னாத் தலையால் உள்ளே தள்ளினார். அந்த இரைச்சல் சிறிய கைத்தொலைபேசிக்குள் அடங்கவில்லை. 1-1.

பிறகு உதைகள். கேரளத்தின் ஐந்தும் உள்ளே சென்றன. வங்காளத்தின் நான்கு உள்ளே, ஒன்று வெளியே. அந்த ஒன்றை உதைத்த இளைஞரின் பெயர் பதிவுகளில் உண்டு, வேண்டியவர் தேடிக்கொள்ளலாம். 5-4. கேரளத்தின் ஏழாவது கிண்ணம். மஞ்சேரியில் பெருநாள் ஓர் இரவு முந்தியே தொடங்கிவிட்டது.

நான் கைதட்டினேன். நண்பர் தட்டவில்லை. "அந்தப் பொடியன் இண்டைக்கு நித்திரை கொள்ளமாட்டான்" என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அவர் சொன்னதில் இவ்விதியின் குறை முழுவதும் இருக்கிறது. நாணயம் சுண்டியபோது தோல்விக்கு யாரும் பொறுப்பில்லை, ஆகவே யாருக்கும் ஆறுதலுமில்லை. தண்ட உதையில் அணியின் தோல்வி முழுவதும் ஒருவன் தலையில் இறங்கிவிடுகிறது. 120 நிமிடங்கள் பதினொருவர் செய்த நன்மை தின்மையெல்லாம் மறக்கப்பட்டு, ஒரு கணம் மட்டும் நினைவில் நிற்கிறது. டெனிஸ் லோவுக்கே அது விதிவிலக்குத் தரவில்லை. நாணயமும் முற்றாகப் போய்விடவில்லை. எந்தக் கோல் கம்பத்தில் உதைப்பது, யார் முதலில் உதைப்பது என்பதை இன்றும் காசுதான் சொல்கிறது.

ஆயினும் வாப்பா சொன்ன வார்த்தை நிற்கிறது. முடிவு மனிதனின் காலுக்கு வந்தது பெரிய மாற்றமே. தோற்றவனுக்கு அடுத்த தடவை என்று ஒன்று உண்டு. 1989இலும் 1994இலும் அழுத கேரளம் 2018இல் அதே முறையில், அதே எதிரியின் மைதானத்தில் வென்றது. கேரளத்திடம் 2022இல் தோற்ற வங்காளம் 2024 டிசம்பர் 31ஆம் திகதி ஹைதராபாத்தில் அதே கேரளத்தை 1-0 எனத் தோற்கடித்து 33ஆவது தடவை கிண்ணத்தைக் கொண்டுபோனது. கணக்கு எந்தப் பக்கத்திலும் முற்றாக முடிந்துவிடுவதில்லை. இரண்டு பேரும் மறுபடி மைதானத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

விதியால் செய்ய முடியாத ஒன்று பார்வையாளரிடம் விடப்பட்டிருக்கிறது: தவறவிட்டவனைத் தனியே விடாமல் இருப்பது. எமது கரையோர ஊர்கள் இதை விளையாட்டில் மட்டும் படித்தால் போதாது. எங்களுக்கிடையே நடந்த பெரிய தோல்விகளில் ஒவ்வொரு ஊரும் தன் இழப்பை மட்டுமே எண்ணியது. எதிரணியில் நித்திரை கொள்ளாத பொடியன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்வதற்கு ஒரு பழைய கோல் காப்பாளர் தேவைப்பட்டார்.

அன்றிரவு நான் புறப்படும்போது நண்பரின் மனைவி, வீட்டில் எரிவாயு இல்லையென்று அறிந்து, காலைச் சமையலுக்கென ஒரு கட்டு விறகை மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டார். பெருநாள் சோறு அந்த விறகில்தான் வெந்தது.