மேட்டைக் கடந்த அலை: கரையோரக் கடலைக் கணக்கிட்ட வரலாறு

1930 ஏப்ரலில் கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் அலைத்தடுப்புச் சுவரைப் பேரலைகள் தாக்கிச் சிதைத்தன. அப்போது அப்பகுதியில் புயல் ஏதும் இல்லை. அருகிலிருந்த கரைகளில் கடல் அமைதியாகவே இருந்தது. ஒரே ஓரிடத்தில் மட்டும் கடல் ஏன் சீறியது என்ற வினாவுக்குப் பல ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை. 1940-களின் பிற்பகுதியில் அதற்கு விளக்கமளித்தவர் பொறியாளர் மொரோ ஓபிரையன். தெற்கே நெடுந்தொலைவில் எழுந்த நெட்டலைகளை, துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் இருந்த ஒரு மேடு வில்லையைப் போலக் குவித்துச் சுவரின் மீது செலுத்தியிருந்தது.

அலைநீளத்தில் பாதியளவு ஆழத்தை எட்டும்போது ஓர் அலை கடலடியை உணரத் தொடங்குகிறது. 10 நொடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறத்தாழ 156 மீட்டர். 20 நொடி அலைக்கோ 600 மீட்டருக்கும் மேல். ஆகவே வழக்கமான அலைகள் அறியாது கடக்கும் ஆழமான மேட்டையும் நெட்டலை உணர்ந்துவிடும். மேட்டின் மீது அதன் வேகம் குறைகிறது. இருபுறமும் அலைமுகம் முந்திச் செல்ல, அலை உள்நோக்கி வளைகிறது. பள்ளத்தின் மீது இதற்கு நேர்மாறாக நிகழும்.

இந்த வளைவைக் கதிர்களாக வரைந்து கணக்கிடும் முறை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வளர்ந்தது. படைகளைக் கரையிறக்க அலை முன்கணிப்பு தேவைப்பட்டது. ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் வால்டர் மங்க்கும் அதற்கான முறையை உருவாக்கினர். 1947-இல் மங்க்கும் டிரெய்லரும் லா ஹோயா கடலடிப் பள்ளத்தாக்குகளை ஆராய்ந்தனர். பள்ளத்தாக்கின் தலைப்பகுதியை ஒட்டிய கரையில் அலை சிறுத்தும், சற்றுத் தள்ளி இருபுறமும் உயர்ந்தும் இருப்பதைக் கதிர்வரைவு விளக்கியது. அலை உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடம் நோக்கிக் கரையோர நீரோட்டம் செல்வதை 1950-இல் ஷெப்பர்டும் இன்மனும் பதிவு செய்தனர்.

அந்த நீரோட்டத்தை இயக்கும் விசை எது? லாங்குவெட்-ஹிக்கின்ஸும் ஸ்டூவர்ட்டும் 1960-களின் முற்பகுதியில் வகுத்த கதிர்வீச்சுத் தகைவுக் கோட்பாடு இதற்கு விடையளித்தது. அலைகள் ஆற்றலோடு உந்தத்தையும் சுமந்து வருகின்றன. உடையும்போது அந்த உந்தம் நீருக்குக் கைமாறி, கரையருகே நீர்மட்டத்தை உயர்த்துகிறது. உயர்வு சீராக இல்லாத இடத்தில் நீர் ஓடத் தொடங்குகிறது. அலைக்கணக்கையும் நீரோட்டக்கணக்கையும் இணைக்கும் பாலம் இவ்வாறு அமைந்தது.

ஆனால் கதிர்முறைக்குள்ளேயே ஒரு பிழை இருந்தது. மேட்டுக்குப் பின்னால் கதிர்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் அலை உயரம் முடிவிலி என்று அது சொன்னது. உண்மையில் அலையாற்றல் பக்கவாட்டில் கசிந்து பரவும். விளிம்பு விளைவு எனப்படும் இதைக் கதிர்முறை அறியாது. 1972-இல் நெதர்லாந்தின் பெர்காஃப் முன்வைத்த மென்சரிவுச் சமன்பாடு, விலகலையும் விளிம்பு விளைவையும் ஒருசேரக் கணக்கிட்டது. 1982-இல் அவர் பூய், ராடர் ஆகியோருடன் வெளியிட்ட ஆய்வில், சரிவான தளத்தில் அமைத்த நீள்வட்ட மேட்டின் பின்னே அலை இருமடங்குக்கும் மேல் உயர்ந்தது. அந்த மேடு இன்றும் புதிய மாதிரிகளுக்கான உரைகல்.

எனினும் ஆய்வகத்தின் ஒற்றை அலை கடலின் அலையன்று. 1989-இல் வின்சென்ட்டும் பிரிக்ஸும் பல திசைகளிலிருந்து வரும் ஒழுங்கற்ற அலைகளை ஒரு நீள்வட்ட மேட்டின் மீது செலுத்தினர். குவிவு பெரிதும் தணிந்தது. ஒற்றை அலையை நம்பி வடிவமைப்பவர் கரையின் அலையுயரத்தைப் பெரிதும் தவறாக மதிப்பிடக்கூடும் என்பது தெளிவாயிற்று. 1999-இல் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் அறிமுகக் கட்டுரை வெளியிட்ட ஸ்வான் போன்ற நிறமாலை மாதிரிகள், பரந்த கடற்பரப்பில் இத்தகைய அலைகளைக் கணக்கிடுகின்றன. அதற்கு ஈடாக, தனித்தனி அலைமுகடுகளை அவை பின்தொடர்வதில்லை. விளிம்பு விளைவைத் தோராயமாகவே கையாளுகின்றன.

இம்மாதிரிகளுக்கெல்லாம் பொதுவான எடுகோள் ஒன்று உண்டு: கடலடி உறுதியானது, அலைக்கு அசையாதது. கேரளத்தின் ஆலப்புழைக் கடல் அதை ஏற்பதில்லை. மலையாளத்தில் 'சாகர' எனப்படும் சேற்றுத்திட்டின் மீது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அலை அடங்கிக் கிடக்கும். முற்காலத்தில் கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டன. இன்றும் மீனவர் படகிறக்குகின்றனர். கொச்சித் துறைமுகத்தை உருவாக்கிய ராபர்ட் பிரிஸ்டோ 1938-இல் இத்திட்டுகளின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். குழம்பிய சேறு அலையோடு தானும் அசைந்து அதன் ஆற்றலை உறிஞ்சுகிறது. 1978-இல் டால்ரிம்பிளும் லியூவும் சேற்றை ஓர் அடர்ந்த பாய்மமாகவே கொண்டு இதற்குச் சமன்பாடு அமைத்தனர்.

லாங் பீச் மேடு, லா ஹோயா பள்ளத்தாக்கு, ஆலப்புழைச் சேறு ஆகிய மூன்றும் ஒரு செய்தியையே சொல்கின்றன. கணினியின் வேகம் மட்டும் இத்துறையை வளர்க்கவில்லை. ஏற்கெனவே இருந்த கணக்குக்குக் கட்டுப்படாத இடங்களே ஒவ்வொரு முறையும் அடுத்த சமன்பாட்டைக் கேட்டன. மாதிரி எவ்வளவு நுட்பமானதாயினும் அது அறிந்த கடலடி, அளந்து ஊட்டப்பட்ட கடலடி மட்டுமே. சேற்றுத்திட்டோ இடம்பெயரக்கூடியது. சென்ற ஆண்டு அளந்த ஆழத்தைக் கொண்டு இந்த ஆண்டு படகு இறங்கும் கரையைக் கணிப்பவர், கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே தவறியிருக்கலாம்.